மின்நிலைய உமிழ்வு அறிக்கை (அமெரிக்கா)

அமெரிக்காவில் காற்று மாசு வணிகத் திட்டங்களுக்கு உட்பட்ட மின்நிலையங்கள், புகைபோக்கி வழியே வெளியேறும் மாசை மணிக்கு மணி அளந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கடமையை வகுக்கும் விதிகள் அமில மழைத் திட்டத்தோடு உருவானவை. 1990இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டத்தின் நான்காம் தலைப்பு அத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் அளவீட்டு விதிகளை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993 ஜனவரியில் வெளியிட்டது. கூட்டாட்சி விதித் தொகுப்பின் 40ஆம் தலைப்பில் 75ஆம் பகுதியாக அவை இருப்பதால், துறையில் உள்ளவர்கள் ‘பார்ட் 75’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

வணிகமும் அளவீடும்

நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடாகி, காற்றில் நெடுந்தூரம் போய் அமில மழையாக இறங்குகிறது. அமெரிக்காவின் வடகிழக்கு ஏரிகளும் காடுகளும் இதனால் சீர்கெட்டன. எல்லா நிலையங்களுக்கும் ஒரே கருவியைக் கட்டாயமாக்காமல், நாடு முழுவதற்கும் மொத்த உச்சவரம்பு வைத்து, அதை உரிமங்களாகப் பிரித்தார்கள். ஓர் உரிமம் ஒரு டன் கந்தக டைஆக்சைடு வெளியேற்ற இடம் தரும். இங்கே டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. மாசைக் குறைத்தவர் மிஞ்சிய உரிமத்தை விற்கலாம், சேமித்தும் வைக்கலாம். முதல் ஏலம் 1993இல் சிகாகோ வணிகச் சந்தையில் நடந்தது.

1995இல் தொடங்கிய முதல் கட்டத்துக்குச் சட்டமே 110 நிலையங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. பெரும்பாலும் நிலக்கரி நிலையங்கள். 2000இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட அலகுகள் பரவலாக உள்ளே வந்தன.

விற்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத வாயுவின் எடை. நிலையத்தார் ஆயிரம் டன்னைக் குறைத்துக் காட்டினால் ஆயிரம் உரிமங்களைக் கள்ளத்தனமாக அச்சடித்ததற்குச் சமம். ஆகவே இத்திட்டத்தின் உண்மையான அடித்தளம் சந்தை அல்ல, அளவீடுதான். சட்டமும் அதை உணர்ந்தே தொடர் அளவீட்டுக் கருவிகளைக் கட்டாயமாக்கியது.

என்ன அளக்கப்படுகிறது

நிலக்கரி அலகின் புகைபோக்கியில் கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றின் செறிவையும், புகை பாயும் அளவையும் கருவிகள் இடைவிடாமல் பதிவு செய்கின்றன. புகையின் அடர்த்தியைக் காட்டும் ஒளிபுகாமை மானியும் உண்டு. செறிவையும் பாய்வையும் பெருக்கினால் அந்த மணி நேரத்தில் வெளியேறிய எடை கிடைக்கும். பாய்வைச் சரியாக அளப்பதுதான் கடினம். பெரிய புகைபோக்கிக்குள் புகை நேராக மேலே ஏறுவதில்லை, சுழன்று ஏறுகிறது. பழைய சோதனை முறைகள் இதனால் பாய்வைக் கூட்டிக் காட்டுவதாக மின்நிறுவனங்கள் முறையிட்டன. சுழற்சியையும் சுவரோரத் தேய்வையும் கணக்கில் கொள்ளும் புதிய முறைகளை முகமை 1999இல் ஏற்றது.

கந்தக டைஆக்சைடைக் கணக்கிட எண்ணெய், எரிவாயு அலகுகளுக்கு எளிய வழி உண்டு: எரிபொருளின் அளவையும் அதிலுள்ள கந்தகத்தையும் அளந்தால் போதும். மிகக் குறைவாக மாசு வெளியிடும் சிறு அலகுகள் நிர்ணயிக்கப்பட்ட மதிப்புகளைக் கொண்டே கணக்கிடலாம்.

கருவிக்கும் தேர்வு உண்டு. அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தித் தினமும் சரிபார்க்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த என மூன்று செறிவுகளில் சோதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலானது ஒப்பீட்டுத் துல்லியத் தணிக்கை. தனிச் சோதனைக் குழு தன் கருவிகளோடு வந்து, அதே புகையைக் குறைந்தது ஒன்பது முறை அளந்து, நிலையத்தின் கருவியோடு ஒப்பிடும். வேறுபாடு பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 7.5 சதவீதத்துக்குள் வந்தால் அடுத்த தணிக்கை ஆறு மாதத்தில் அல்லாமல் ஓராண்டில் வரும்; கருவியை நன்றாகப் பராமரிப்பவருக்குச் சோதனைச் செலவு பாதியாகிறது. கருவி தொடர்ந்து குறைத்துக் காட்டுவது தெரிந்தால், அதன் அளவுகளை ஒரு காரணியால் பெருக்கி உயர்த்தியே அறிவிக்க வேண்டும். கூட்டிக் காட்டினால் குறைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை.

விடுபட்ட மணிகள்

இவ்விதிகளின் நுட்பம் கருவி நின்றுபோன நேரத்தைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. நம் வீட்டு மின்மீட்டர் பழுதானால் மின்வாரியம் முந்தைய மாதங்களின் சராசரியைப் போடுகிறது. பார்ட் 75 அந்தச் சலுகையைச் சற்று நேரத்துக்கு மட்டும் தருகிறது. கருவி 95 சதவீத நேரத்துக்குக் குறையாமல் இயங்கிவந்து, இடைவெளி 24 மணிக்குள் முடிந்தால், முன்பின் மணிகளின் சராசரியை எழுதலாம். அதைத் தாண்டினால், முந்தைய 720 மணிகளின் அளவுகளில் 90ஆம் சதமானத்தையும் (நூற்றில் 90 மணிகளின் அளவு இதைத் தாண்டாது) அந்தச் சராசரியையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதை எழுத வேண்டும். இயங்கும் வீதம் 90க்கும் 95க்கும் இடையே இருந்தால் சராசரிக்கு எட்டு மணி நேரமே அனுமதி. பிறகு 95ஆம் சதமானம் வரும். 80க்கும் 90க்கும் இடையே என்றால் அந்த 720 மணிகளில் பதிவான உச்ச அளவு. 80க்கும் கீழே போனால், அந்தக் கொதிகலன் வெளியிடக்கூடிய அதிகபட்சச் செறிவே எழுதப்படும். பாய்வுக்கு 720க்குப் பதில் 2,160 மணிகள்.

கருவி எவ்வளவு நேரம் செயலற்றுக் கிடக்கிறதோ, நிலையத்தின் கணக்கில் அவ்வளவு மாசு கூடும். அதற்கு உரிமம் வாங்கியாக வேண்டும். அதிகாரி வந்து மிரட்ட வேண்டியதில்லை, ‘கருவி பழுது’ என்ற சாக்கே நட்டத்தில் முடிகிறது. மாசுக் கட்டுப்பாட்டு விதி எழுதும் எந்த நாடும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு இதுதான்.

அறிக்கையும் தண்டமும்

காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் மணிவாரித் தரவு, சோதனை முடிவுகள் அடங்கிய மின்னணு அறிக்கை போய்ச் சேர வேண்டும். நிலையத்தின் பெயரால் பொறுப்பேற்கும் நியமனப் பிரதிநிதி, தரவு உண்மையானது என்று சான்றளிக்கிறார். பொய் சொன்னால் குற்ற வழக்கு வரை போகலாம். முகமையின் மென்பொருள் ஒவ்வொரு மணியையும் மீண்டும் கணக்கிட்டுப் பிழை இருந்தால் திருப்பி அனுப்புகிறது. ஆண்டு முடிவில் வெளியேற்றிய டன்னுக்கு ஈடான உரிமம் கணக்கில் இல்லையென்றால், டன்னுக்கு 2,000 டாலர் தண்டம். 1990 மதிப்பிலான இத்தொகை விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர்கிறது. குறைந்த உரிமங்களையும் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் பிடித்துக்கொள்வார்கள். 1990களில் உரிமத்தின் விலை பெரும்பாலும் 200 டாலருக்குக் கீழேயே இருந்தது. விதியை மீறுவதைவிட வாங்குவதே மலிவு.

2003இன் நைட்ரஜன் ஆக்சைடு வணிகத் திட்டமும், 2015 முதல் நடக்கும் மாநிலங்களிடைக் காற்று மாசு விதியும், 2009இல் வடகிழக்கு மாநிலங்கள் தொடங்கிய கார்பன் வணிகத் திட்டமும் இதே அளவீட்டு முறையை எடுத்துக்கொண்டன. 1990க்குப் பிறகு அமெரிக்க மின்நிலையங்களின் கந்தக டைஆக்சைடு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்துள்ளது. வணிகம் மட்டும் இதற்குக் காரணமல்ல. பின்னாளில் வந்த கடுமையான விதிகளுக்கும் மலிவான எரிவாயுவுக்கும் பெரும் பங்குண்டு. எவ்வளவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிவது இந்த மணிக்கணக்கால்தான். அந்தத் தரவை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இந்தியாவில்

மாசு வணிகத்தைச் சோதித்துப் பார்க்க 2011இல் மத்திய அரசு தேர்ந்த மூன்று மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மற்றவை குஜராத்தும் மகாராஷ்டிரமும். நடைமுறைக்கு முதலில் வந்தது சூரத்தில்தான். 2019இல் அங்கே தொடங்கிய துகள் மாசுச் சந்தை, அவ்வகையில் உலகின் முதலாவது. அதில் பங்கேற்ற ஆலைகளின் துகள் மாசு 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். அனல் மின்நிலையம் உட்பட 17 வகைத் தொழில்களுக்கு இணையவழித் தொடர் அளவீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் கட்டாயமாக்கியதால், எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர் நிலையங்களும் அந்தக் கடமைக்குள் வருகின்றன. இந்நிலையங்களின் அருகே வாழ்வோர் அவற்றைப் பற்றி வாரியத்திடம் முறையிடும்போது, கருவி நின்ற மணிகளுக்கு எந்த எண் எழுதப்படுகிறது என்பதையும் தவறாமல் கேட்க வேண்டும்.