உப்பளத்துப் பாத்தியும் சக்தி சிப்பும்

மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு ப்ராசஸரைப் பற்றி எழுதுகிறாயே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என்னைக் கேட்டால், ப்ராசஸரைப் புரியவைக்க உப்பளத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. உவர்நீர் ஒரே பாத்தியில் உப்பாகிவிடாது. பாத்தி பாத்தியாக மாறிப் போகப் போக அடர்த்தி ஏறி, கடைசிப் பாத்தியில்தான் உப்பு பூக்கும். ஒரு பாத்தியின் நீர் அடுத்ததுக்குப் போனதும் அங்கே புது நீர் ஏறும். எல்லாப் பாத்தியிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். ப்ராசஸரில் இதற்குப் பெயர் பைப்லைன். ஐஐடி மெட்ராஸின் சக்தி வரிசையில் ஈ-கிளாஸுக்கு மூன்று கட்டங்கள், சி-கிளாஸுக்கு ஐந்து. ஒரு கட்டம் சுணங்கினால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. வரப்பு சரியில்லைன்னா மண்வெட்டியை எடுத்து அன்றே சரிசெய்யலாம். சிலிக்கானில் பொறித்துவிட்டால் அவ்வளவுதான். 1994-இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தது வெளியே வந்தது. அதற்காக இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

அதனால்தான் சிமுலேட்டர். இல்லாத ப்ராசஸரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள். பழைய யோசனைதான். 1970-களின் தொடக்கத்தில் பால் ஆலன், இன்டெல் 8008-க்கு ஒரு பெரிய கணினியிலேயே சிமுலேட்டர் எழுதினார். 1975-இல் அதை 8080-க்கு மாற்றி, ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் ஓட்டித்தான் ஆல்டேருக்கான பேசிக் மொழியை அவரும் பில் கேட்ஸும் எழுதினார்கள். ஆல்டேரை இருவரும் தொட்டதுகூட இல்லை. ஆலன் காகித நாடாவை அல்புகர்க்கிக்கு எடுத்துப்போய் ஏற்றினார், ஓடியது!

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், யாரும் உரிமத்தொகை கட்டாமல் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுதி. அதை வைத்து பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு 2014-இல் சக்தி திட்டத்தைத் தொடங்கியது. வடிவமைப்பை ப்ளூஸ்பெக் மொழியில் எழுதி, மூலநிரலைப் பொதுவில் வைத்தார்கள்.

சோதிக்கும் முறையை எளிமையாகச் சொல்கிறேன். ஏஏபிஜி என்று அவர்களே எழுதிய கருவி, தாறுமாறான அசெம்பிளி நிரல்களை உற்பத்தி செய்யும். மனுஷன் யோசிக்காத வரிசையில் கட்டளைகள் வரவேண்டும் என்பதே நோக்கம். ஒவ்வொரு நிரலும் இரண்டு இடத்தில் ஓடும். ஒன்று, வெரிலேட்டர் வழியாக மென்பொருளாக மாறிய சக்தி வடிவமைப்பு. இன்னொன்று, ரிஸ்க்-ஃபைவின் பொது சிமுலேட்டரான ஸ்பைக். அதற்குப் பைப்லைன் எல்லாம் தெரியாது. கட்டளை என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்யும். எந்தக் கட்டளை, எந்த ரிஜிஸ்டர், என்ன மதிப்பு என்று இரண்டு பதிவையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். முதல் வேறுபாடு எங்கே வருகிறதோ, தேடலை அங்கே தொடங்கலாம்.

இப்படிச் சலித்த வடிவமைப்புதான் 2018-இல் சிப்பானது. ஒன்று இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில், இன்னொன்று மொகாலியின் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரில்.

குறையும் சொல்லணும். வடிவமைப்பை இப்படி ஓட்டுவது மிக மெதுவானது. லினக்ஸ் போன்ற பெரிய மென்பொருளை ஓட்டிப் பார்க்க எஃப்பிஜிஏ பலகைக்குத்தான் போகவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு பக்கமும் கையேட்டை ஒரே மாதிரி தப்பாகப் படித்திருந்தால் ஒப்பீட்டில் எதுவும் சிக்காது. ஆகவே, ஸ்பைக்கை எழுதியவர்களும் சக்தியை எழுதியவர்களும் வேறு வேறு ஆட்கள் என்பதே இந்த முறையின் பலம்.

சிப் பொறிக்கக் கோடிகள் வேணும். ஸ்பைக்கும் வெரிலேட்டரும் ஏஏபிஜியும் சக்தியின் மூலநிரலும் இலவசம். சாதாரண மடிக்கணினி போதும். இந்தக் கடற்கரையில் இருக்கிற கல்லூரி மாணவரும் நாளைக்கே ஒரு ப்ராசஸரின் பிழையைத் தேட ஆரம்பிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.