வேலூர்ப் பெண்கள் சிறையிலிருந்து சட்டமன்றத்துக்கு: கடலூர் அஞ்சலையம்மாளின் அரசியல் வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் முன்னோடிப் பெண் அரசியலாளர்களுள் ஒருவரான கடலூர் அஞ்சலையம்மாள் (1890–1961), கைக்குழந்தையுடன் வேலூர்ச் சிறைக்குத் திரும்பிய தாயாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக அவர் ஆற்றிய பணி இந்நினைவில் பின்தள்ளப்பட்டுள்ளது. அவரது சிறை வாழ்வையும் சட்டமன்ற வாழ்வையும் ஒரே அரசியல் வாழ்வின் இரு கட்டங்களாக இக்கட்டுரை ஆராய்கிறது. வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தின் வரலாற்றெழுத்தில் வேலூர்ப் பெண்கள் சிறைக்கு உரிய இடத்தையும் அது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சலையம்மாள், வேலூர்ப் பெண்கள் சிறை, நீல் சிலைப் போராட்டம், 1937 சட்டமன்றம், பெண் பிரதிநிதித்துவம்.

முன்னுரை

வேலூர் வட்டார வரலாறு இரண்டு பொருள்களைச் சுற்றியே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஒன்று, கோட்டையும் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியும். மற்றொன்று, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் தொழில். இவ்விரண்டுக்கும் இடையில் விடுபட்டுப்போன ஒரு நிறுவனம் உண்டு. அது சென்னை மாகாணத்தின் பெண் கைதிகளுக்கென வேலூரில் இயங்கிய சிறை. 1930 முதல் 1940களின் நடுப்பகுதிவரை, தமிழ், தெலுங்கு, மலையாள நிலங்களைச் சேர்ந்த பெண் சத்தியாக்கிரகிகள் பலர் இங்கு அடைக்கப்பட்டனர். அஞ்சலையம்மாளும் அவர்களுள் ஒருவர்.

சிறை சென்ற பெண்களைத் தியாகிகள் என்றும், சட்டமன்றம் சென்ற பெண்களை அரசியலாளர்கள் என்றும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். இவ்விரு நிலைகளிலும் வாழ்ந்த ஒருவரை இப்பகுப்பு எவ்வாறு குறைத்துக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பின்புலமும் பொதுவாழ்வு நுழைவும்

அஞ்சலையம்மாள் 1890இல் கடலூர் முதுநகரில் நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தார். திண்ணைப் பள்ளியில் தொடக்கக் கல்வி மட்டுமே பெற்றார். கணவர் முருகப்பா பத்திரிகை முகவர். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின் வழியே பொதுவாழ்வுக்கு வந்த அஞ்சலையம்மாள், கதர் விற்பனையிலும் பொதுக்கூட்டங்களிலும் ஈடுபட்டார். இயக்கப் பணிக்காகக் குடும்பச் சொத்துகளையும் விற்றார்.

இப்பின்புலத்தின் தனித்தன்மை ஒப்பீட்டால் விளங்கும். 1926இல் சென்னைச் சட்டமேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவராகவும் ஆன முத்துலட்சுமி ரெட்டி மருத்துவர். அதே 1926இல் பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண் வாக்குரிமை மாநாட்டில் பங்கேற்ற ருக்மிணி லட்சுமிபதி பட்டதாரி. இருவரும் ஆங்கிலக் கல்வியும் பெண்கள் சங்கங்களும் அமைத்துத் தந்த பாதையில் வந்தவர்கள். அஞ்சலையம்மாளுக்கு அப்பாதை கிடைக்கவில்லை. அவர் வந்த வழி தெரு, மறியல், சிறை என்பதாக இருந்தது.

நீல் சிலைப் போராட்டம்

1857ஆம் ஆண்டு எழுச்சியை ஒடுக்கியபோது வட இந்தியாவில் கொடுமைகள் புரிந்தவர் எனக் குற்றம் சாட்டப்பட்ட படைத்தலைவர் நீலின் சிலை, சென்னை மவுண்ட் சாலையில் நின்றிருந்தது. அதனை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அஞ்சலையம்மாள் தம் மகள் அம்மாக்கண்ணுவுடன் இதில் கலந்துகொண்டு தண்டனை பெற்றார். அப்போது அம்மாக்கண்ணு சிறுமி. பின்னர் காந்தியடிகள் அச்சிறுமியைத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் லீலாவதி மணந்துகொண்டவர், மார்க்சின் மூலதனத்தைத் தமிழாக்கிய ஜமதக்னி.

இப்போராட்டத்தின் முடிவு ஆய்வில் போதிய கவனம் பெறவில்லை. 1937இல் இராஜாஜி தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவைதான் சிலையைச் சாலையிலிருந்து அகற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அவ்வமைச்சரவையைத் தாங்கிய சட்டமன்றத்தில் அஞ்சலையம்மாள் உறுப்பினராக இருந்தார். எந்தச் சிலையின் பொருட்டு 1927இல் மகளுடன் தண்டிக்கப்பட்டாரோ, அதே சிலை பத்தாண்டுகளுக்குப் பின் அவர் சார்ந்த ஆளுங்கட்சியின் ஆணையால் அகற்றப்பட்டது. சிறையும் சட்டமன்றமும் ஒரே தொடர்ச்சியின் பகுதிகள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேலூர்ச் சிறை: நிகழ்வும் நினைவும்

1930களின் தொடக்கத்தில், சட்டமறுப்பு இயக்கக் காலத்தில், அஞ்சலையம்மாள் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டபோது கருவுற்றிருந்தார். பேறுகாலத்துக்காக வெளியே விடப்பட்ட அவர், பிள்ளை பெற்றபின் பச்சிளங்குழந்தையுடன் சிறைக்குத் திரும்பி எஞ்சிய தண்டனையை நிறைவுசெய்தார். சிறைவாசத்தை நினைவூட்டும் வகையில் ‘ஜெயில் வீரன்’ என அழைக்கப்பட்ட அக்குழந்தையின் பெயர் பின்னர் ஜெயவீரன் என வழங்கலாயிற்று.

இந்நிகழ்வு தனியொரு தாயின் வியத்தகு செயலாகவே மேடைகளிலும் பாடநூல்களிலும் சொல்லப்படுகிறது. ஆயின் அது தனித்த நிகழ்வன்று. மலபாரின் ஏ. வி. குட்டிமாளு அம்மா 1932இல் கோழிக்கோட்டில் பெண்கள் ஊர்வலத்துக்குத் தலைமையேற்று, இரண்டு மாதக் குழந்தையுடன் சிறை சென்றார். பின்னர் அவரும் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். கைக்குழந்தையுடன் சிறையிலிருந்த இரு பெண்கள் ஒரே அவையில் அமர்ந்தமை தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று. ஆண் தொண்டர் சிறை சென்றால் வீட்டையும் பிள்ளைகளையும் காக்க மனைவி இருந்தாள். பெண் தொண்டர் சிறை சென்றபோது, அவ்வீட்டுப் பொறுப்பின் ஒரு பகுதி அவருடனேயே சிறைக்குள் வந்தது. எனவே இந்நிகழ்வைத் தாய்மையின் பெருமையாக மட்டும் வாசிப்பது போதாது. பெண்கள் அரசியலுக்குச் செலுத்திய கூடுதல் விலையாகவும் அதை வாசிக்க வேண்டும்.

1930இல் நடைமுறைக்கு வந்த ஏ, பி, சி என்னும் கைதி வகுப்புப் பிரிவையும் இங்குக் கருத வேண்டும். கல்வியும் வாழ்க்கைத் தரமும் சமூக நிலையும் இப்பிரிவுக்கு அளவுகோல்களாயின. ஒரே குற்றத்துக்காக ஒரே இயக்கத்திலிருந்து வந்த பெண்களை, வெளியுலகின் ஏற்றத்தாழ்வுப்படியே சிறை நிருவாகம் வகுத்துவைத்தது. ஆயினும் வெவ்வேறு மொழியும் சாதியும் வகுப்பும் சார்ந்த பெண்கள் மாதக்கணக்கில் ஒரே மதிலுக்குள் வாழும் வாய்ப்பு அக்காலத்தில் வேறெங்கும் எளிதில் வாய்த்ததில்லை. துர்காபாய் தம் சிறைவாசத்தின்போது கண்ட ஏழைப் பெண் கைதிகளின் சட்ட அறியாமையே தம்மைச் சட்டக் கல்விக்குத் தூண்டியது எனப் பிற்காலத்தில் பதிவுசெய்துள்ளார்.

சட்டமன்றப் பணி

சென்னை மாகாணம் 1921இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய முதல் மாகாணம். எனினும் சொத்துத் தகுதி பெரும்பாலான பெண்களை வெளியே நிறுத்தியது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், எழுத்தறிவு பெற்ற பெண்களையும் தகுதியுள்ள சில வகை வாக்காளர்களின் மனைவியரையும் பட்டியலில் சேர்த்தது. சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன. 1937இல் கூடிய இவ்வவைக்கு அஞ்சலையம்மாள் கடலூரிலிருந்து வந்தார். ருக்மிணி லட்சுமிபதி அதன் துணைத்தலைவரானார்.

1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. அடுத்த ஆண்டு தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் அஞ்சலையம்மாள் மீண்டும் சிறை புகுந்தார். சட்டமன்றத்திலிருந்து சிறைக்கு நிகழ்ந்த இத்திரும்புகை கவனிக்கத்தக்கது. பதவி சிறைவாழ்வின் பரிசாக இருந்திருப்பின் அவர் திரும்பியிருக்க வேண்டியதில்லை. 1946இல் அவர் மீண்டும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவரது மக்கள் பணியின் நிலைத்த சான்று தீர்த்தாம்பாளையத்தில் உள்ளது. தண்ணீர்ப் பற்றாக்குறையால் வாடிய அவ்வூருக்கு வீராணம் வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் வெட்ட அவர் முயன்று வெற்றி கண்டார். மக்கள் அதனை ‘அஞ்சலை வாய்க்கால்’ என்றே அழைத்தனர். காந்தியடிகளைச் சந்திக்க அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்ததாகச் சொல்லப்படும் செய்தியும், ‘தென்னாட்டு ஜான்சி ராணி’ என்னும் பட்டமும் பரவிய அளவுக்கு இவ்வாய்க்கால் பரவவில்லை. வீரத்தைப் போற்றும் வரலாற்றெழுத்து நீர்ப்பாசனத்தைப் போற்றுவதில்லை. ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அன்றாட அரசியல் வாய்க்கால்களில்தான் நிகழ்கிறது.

தோல் தொழில் வட்டாரமும் தொடரும் வினாவும்

பெண் பிரதிநிதித்துவம் பற்றிய வினா வேலூர் வட்டாரத்தில் பழைய செய்தியன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளின் தையல் பிரிவுகளில் பெருமளவில் பணிபுரிவோர் பெண்களே. வாணியம்பாடி நகர்மன்றத் தலைவராக இருந்த நிலோபர் கபீல், 2016இல் அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகி, 2021வரை மாநிலத் தொழிலாளர் நலத்துறை அமைச்சராகப் பணியாற்றினார். 2021இல் குடியாத்தம் தொகுதி வி. அமுலுவைத் தேர்ந்தெடுத்தது.

ஆயினும் மாநில அளவிலான எண்ணிக்கை வேறொன்றைச் சொல்கிறது. 1937இல் 215 இடங்களில் 8 பெண்களுக்குரியவை. இது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. 2021இல் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். இது நூற்றுக்கு ஐந்தைச் சற்றே தாண்டுகிறது. எண்பத்து நான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இவ்வளவே. உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காட்டு ஒதுக்கீடு நடைமுறையில் உள்ள மாநிலத்தில், சட்டமன்றத்தின் கதவு இன்னும் ஒருவர் பின் ஒருவராகவே திறக்கிறது.

முடிவுரை

அஞ்சலையம்மாளின் வாழ்வைத் தாய்மைத் தியாகம் என்னும் ஒரே படிமத்துள் அடக்கும்போது மூன்று செய்திகள் மறைகின்றன. நெசவுக் குடும்பத்துப் பெண்ணொருவர் ஆங்கிலக் கல்வியின் துணையின்றி மாகாண அரசியலில் இடம்பெற்றமை முதலாவது. சிறையும் சட்டமன்றமும் அவர் வாழ்வில் மாறிமாறி வந்து ஒன்றையொன்று பொருளுடையதாக்கியமை இரண்டாவது. தொகுதி மக்களின் தண்ணீர்த் தேவைக்காக அவர் உழைத்தமை மூன்றாவது.

‘முதல் பெண்’ என்னும் அடைமொழி ஒருவரை விதிவிலக்காக உயர்த்துகிறது. அதே வேளையில், அவருக்குப் பின் வந்திருக்க வேண்டியவர்கள் ஏன் வரவில்லை என்னும் வினாவை அது மறைத்தும் விடுகிறது. வேலூர்ப் பெண்கள் சிறையை விடுதலைப் போராட்டக் காலப் பெண் அரசியலின் களமாகக் கொண்டு, அங்கிருந்து சட்டமன்றம் சென்றோரையும் செல்லாதோரையும் ஒருங்கே ஆராய்வது அவ்வினாவுக்கு விடை தேடும் வழிகளுள் ஒன்றாக அமையும். கோட்டையையும் தோல் பதனிடும் தொழிலையும் போலவே அச்சிறையும் இவ்வட்டார வரலாற்றின் பகுதி எனக் கொள்வது அதற்கான முதற்படி.