ஊர்ப் பெயரில் நிற்கும் மரங்கள்



நம்ம பக்கத்து ஊர்களின் பெயரைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவேற்காடு, மாங்காடு, திருமுல்லைவாயில், அத்திப்பட்டு, வேப்பம்பட்டு. ராஜா பெயரும் இல்லை, ஜமீன்தார் பெயரும் இல்லை. எல்லாம் மரமும் கொடியும்தான். பத்திரம் எழுதும்போது தினமும் இந்தப் பெயர்களை எழுதுகிறோம்; அந்த மரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

திருவேற்காட்டுச் சிவன் கோயிலின் தலமரம் வெள்வேல். மாங்காட்டுக்கு மாமரம். திருமுல்லைவாயில் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். தொண்டைமான் ஏறி வந்த யானையின் கால் முல்லைக்கொடியில் மாட்டிக் கொண்டது. ராஜா வாளை உருவி வெட்டினார், அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்தது என்பது தலபுராணம். அந்தக் கோயிலில் இரண்டு எருக்கந் தூண்களையும் காட்டுவார்கள். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனா, யானையே கால் சிக்கி நிற்கும்படி முல்லை படர்ந்த இடம் இது என்று கதை சொன்னவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதைத்தான் நான் பிடித்துக் கொள்கிறேன்.

தொண்டைநாடு என்ற பெயரும் ஒரு கொடியிலிருந்து வந்தது என்பார்கள். அது ஆதொண்டை என்று சிலர், கோவைக்கொடி என்று சிலர். புலவர்கள் தீர்த்துக் கொள்ளட்டும். நமக்கு இரண்டும் வேலிக்கொடிதான். சிவந்த கோவைப்பழத்துக்குக் கிளி வரும், குயில் வரும், கொண்டைக்குருவி வரும். ஆதொண்டை இலையில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். வேலிக்கு வேலியும் ஆச்சு, பறவைக்குச் சாப்பாடும் ஆச்சு.

அப்புறம் எப்படிப் போச்சு? 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்தது. நம்ம ஆவடி வழியாகத்தான் போனது. அன்றைக்கு எஞ்சினுக்குத் தீனி விறகு. தண்டவாளத்துக்குக் கீழே போடவும் கட்டை வேண்டும். அதே 1856-இல் கிளெகார்ன் என்ற டாக்டரை மதராஸ் ராஜதானியின் காடுகளுக்கு முதல் பாதுகாவலராக வெள்ளைக்கார சர்க்கார் நியமித்தது. ஒரே வருஷத்தில் காட்டைத் தின்ன எஞ்சினும் வந்தது, காட்டைக் காக்க அதிகாரியும் வந்தார் பாருங்கள்! விறகுப் பஞ்சத்துக்காகக் கடலோரத்தில் சவுக்குத் தோப்பு போட்டார்கள். 1870-களில் அதே விறகுக் கவலையில்தான் சீமைக்கருவேல் விதையும் கடல் தாண்டி வந்தது.

அயல் மரமெல்லாம் கெடுதி என்று நான் சொல்லவில்லை. சவுக்கு எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது. சீமைக்கருவேலும் ஏழை வீட்டு அடுப்பில் எரிந்தது. ஆனால் அதன் காயை ஆடுமாடு தின்று, சாணத்தோடு போட்ட இடமெல்லாம் முளைத்தது. ஏரி உள்வாயைப் பிடித்தது, கால்வாயைப் பிடித்தது. அது அடர்ந்த இடத்தில் காரையும் சூரையும் ஆவாரையும் தலைதூக்க முடியவில்லை. பிறகு 1960-களில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் வந்தன. வயல் மனையாச்சு. மிச்சமிருந்த வேலியும் மதில் சுவராச்சு.

இதே பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் வேறு மாதிரி நடந்த ஊர் ஒன்று உண்டு. வேடந்தாங்கல். அங்கே ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கும். சமுத்திரப்பழ மரம் என்றும் சொல்வார்கள். தண்ணீரில் மாதக்கணக்கில் நின்றாலும் அழுகாத மரம் அது. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அதில் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். எச்சத்தில் தழைச்சத்து இருக்கிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் நன்றாக விளையும் என்பது அந்த ஊரார் கண்ட கணக்கு. சிப்பாய்கள் வந்து பறவையைச் சுட்டபோது ஊரார் சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவையைக் காக்கும் உரிமை தங்களுக்கே என்று கௌல் வாங்கினார்கள். அது 1790-களில். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். சர்க்கார் அதைச் சரணாலயமாக ஏற்றது 1936-இல். கணக்குப் பாருங்கள், சர்க்காருக்கு முன்னால் நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் காவல் காத்தது விவசாயிகள்தான். படித்துத் தெரிந்து செய்தார்களா என்ன? வயல் விளைந்தது, காத்தார்கள்.

நம்ம கொல்லையில் ஏரி இல்லை. அஞ்சு சென்ட்டோ பத்து சென்ட்டோ இருக்கும். மழைத்தண்ணீர் தேங்கும் மூலை இருந்தால் அங்கே ஒரு நீர்க்கடம்பு வையுங்கள். இடம் தாராளமாக இருந்தால் நாவல் ஒன்று, வேம்பு ஒன்று. பழத்துக்கு வருகிற மைனா பழத்தோடு நிற்காது, புழுவையும் பொறுக்கும். கரிச்சானுக்குப் பழமே வேண்டாம். உட்கார உயரமாகக் கிளை இருந்தால் போதும், பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். பனை இருந்தால் தயவு செய்து வெட்டாதீர்கள். பனை உழவாரக் குருவி அந்த ஓலையின் அடிப்பக்கத்தில்தான் கூட்டை ஒட்டி வைக்கும்.

இடம் குறைவா? கறிவேப்பிலையே போதும். அதில் பச்சைப்புழு இருந்தால் உடனே மருந்து அடிக்காதீர்கள். நாலு இலை போனால் போகட்டும், அது கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும். மூலையில் ஒரு எருக்கு இருந்தால் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி தேடி வரும். அந்தப் பால் மட்டும் குழந்தைகள் கண்ணில் படக் கூடாது. வேலிக்கு நொச்சி, ஆடாதோடை, கிளுவை. நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடு அவ்வளவாகத் தொடாது. மூன்றும் போத்திலேயே வரும். ஆவணி, புரட்டாசியில் ஊன்றிவிட்டால் ஐப்பசி மழை பார்த்துக் கொள்ளும்.

ரெண்டு மூணு வருஷம் போகட்டும். வேம்படியில் நீங்கள் நடாத செடியெல்லாம் முளைத்திருக்கும். குருவி போட்ட விதை அது. கோவையோ காரையோ தெரிந்தால் களை என்று பிடுங்கிப் போடாமல், மண்ணோடு பெயர்த்து வேலிப் பக்கம் வைத்து விடுங்கள்.