சட்டையும் சட்டைநாதரும்

சீர்காழிக் கோயிலில் கீழே பிரம்மபுரீசுவரரையும் இடைத்தளத்தில் தோணியப்பரையும் தரிசித்து, மேலே ஏறிச் சட்டைநாதர் ஸந்நிதியை அடைகிறவர்களில், அத்திருநாமத்தின் முதற்சொல்லை நின்று யோசிப்பவர் சிலரே. மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு உலகளந்த திருமாலுக்கு அகந்தை மிகுந்ததாகவும், பரமசிவன் பைரவ ரூபங்கொண்டு அவரை அடக்கி, முதுகெலும்பைத் தண்டாகவும் தோலைச் சட்டையாகவும் தரித்ததாகவும் ஸ்தலபுராணம் கூறும். கேட்கவே மெய் நடுங்கும் கதை. பெயரிலோ அந்த நடுக்கம் இல்லை.

மேலுடைக்குப் பழந்தமிழில் மெய்ப்பை என்று பெயர். முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் அணிந்திருப்பது அதுவே. வடமொழிக் கஞ்சுகம் சிலப்பதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. அங்கி என்றும், பாம்பு கழற்றிய தோல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. காலம், நியதி, கலை, வித்தை, அராகம் என உயிரைப் போர்த்திருக்கும் ஐந்தையும் சைவ சித்தாந்திகள் பஞ்சகஞ்சுகம் என்பர். பின்னாளில் பெருவழக்கான சட்டை என்னும் சொல்லிலும் அங்கியும் பாம்புத்தோலும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன.

குறுவை அறுத்த வயலின் வரப்பில், நண்டு வளைக்கருகே புல்லில் சிக்கிக் கிடக்கும் பாம்புச் சட்டையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எடுத்துப் பாராமல் இரார். வெங்காயச் சருகுபோல் மெல்லியது. செதில் ஒவ்வொன்றும் பதிந்திருக்கும். கண்ணிருந்த இடத்திலும் கண்ணாடிபோல் ஒரு சிறு மூடி. அதில் இரத்தக் கறை காணோம். வளர்ந்த உடம்பு வேண்டாமென்று விட்டுப்போன பொருள் அது.

மயிலாடுதுறைக்கு அருகே வழுவூரில் யானையைச் சங்கரித்த பெருமான் போர்த்தது உரி. உரித்த வினையே பெயராகி நிற்கும் சொல் அது. திருமேனியும் அதற்கேற்ப, யானைத் தலைமேல் ஊன்றி, உடல் முறுக்கி, தோலைப் பின்னே விரித்து, அந்தக் கணத்திலேயே நிற்கிறது. சீர்காழியார் உரி என்னாமல் சட்டை என்றார்கள். அகந்தையைப் பிடுங்கிய கதை, அகந்தை கழன்ற கதையாக அச்சொல்லிலே மாறிவிட்டது என்பது என் துணிபு.

கொடுமையை நேரே காட்டாமல் விடுவதற்கு வேறொரு வழியும் உண்டு. பிரெஞ்சு ஆசிரியர் பெரோ 1697இல் வெளியிட்ட சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதை, ஓநாய் அவளை விழுங்குவதோடு முடிகிறது. 1862இல் அதற்குச் சித்திரம் வரைந்த குஸ்தாவ் டோரே விழுங்குவதைக் காட்டாமல், பாட்டியின் குல்லாயணிந்து படுத்திருக்கும் ஓநாயையும், போர்வையைப் பற்றியபடி அதை நோக்கும் குழந்தையையுமே காட்டினார். கொடுமைக்கு ஒரு கணம் முன்னே அவர் நின்றார். நம் சட்டைநாதரோ எல்லாம் முடிந்த பின் நிற்கிறார். அங்கே பிறர் உடை தரித்தவன் வஞ்சகன், இங்கே காவலன்.

இந்த ஸந்நிதிக்கு ஏறும் ஆடவர் மேற்சட்டை அணியலாகாது என்பது மரபு. வெள்ளிக்கிழமை இரவுப் புனுகுச் சாத்துக்கு வருகிறவர்கள், படியேறுமுன்பே சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறார்கள்.