சுழல் தொட்டிலும் திருவிழாக் கூட்டமும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் முத்துக்குளிப்பையும், உப்பளங்களையும், ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிற் கற்பிட்டியிலே கட்டத் தொடங்கிய கோட்டையையும் விரிவாகவே கூறிச் சென்றிருக்கின்றனர். ஆயினும், இக்கரையில் வாழ்ந்த மீனவரும் உழவரும், வருஷம் முழுவதும் உழைத்து அலுத்த தம் உடம்பை ஒரு மரத்தொட்டிலிடம் ஒப்புவித்து, வானுக்கும் மண்ணுக்குமாகச் சுழன்று, வாய்விட்டுக் கூவி மகிழ்ந்த நாழிகைகளும் அச்சரித்திரத்தைச் சேர்ந்தவையே என்பது என் துணிபு.

அந்த நாழிகைகளுக்கு இடங்கொடுத்தவை திருவிழாக்கள். போர்த்துக்கேயரால் 1578இல் இடித்தழிக்கப்பெற்று, பின்னர்க் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திற் புத்துயிர் பெற்ற முன்னேஸ்வரக் கோயிலில், ஏறக்குறைய நான்கு வாரம் நடைபெறும் மகோற்சவம் தேரோட்டத்தால் உச்சமடைந்து தெதுறு ஓயாத் தீர்த்தத்தோடு நிறைவெய்தும். உடப்பிலே திரௌபதை அம்மன் சந்நிதியிற் பதினெட்டு நாள் விழாவும் தீமிதிப்பும் நிகழும். கற்பிட்டிக் குடாநாட்டுத் தலவிலவிற் புனித அன்னம்மாளைத் தரிசிக்க மார்ச்சிலும் ஆகஸ்டிலும் யாத்திரிகர் திரள்வர். மாட்டுவண்டிகளில் அரிசியும் பாயும் பாத்திரமும் ஏற்றிவந்து, மர நிழலிற் கூடாரமடித்து, அடுப்பு மூட்டி, நாட்கணக்காகத் தங்கி வழிபடுவது அங்கே தொன்றுதொட்ட வழக்கம். இருப்புப்பாதை 1916இற் சிலாபத்தையும் 1926இற் புத்தளத்தையும் எட்டிய பின்னர், தொலைவிலுள்ளோர்க்கும் யாத்திரை எளிதாயிற்று. கூட்டம் சேருமிடத்திற் கடை சேரும். கடை சேருமிடத்தில் இராட்டினமும் வந்து சேரும்.

கையாற் சுற்றும் அந்தப் பழைய மர இராட்டினத்தை இன்றைய இளைஞர் பலர் கண்டிரார். இரண்டு வலிய மரக்கால்களின் நடுவே ஓர் அச்சு; அச்சிலே குறுக்கிட்ட சட்டங்கள்; சட்டங்களின் முனைகளில் தொங்கும் நான்கு பெட்டிகள்; பெட்டிக்கு இருவர் அல்லது மூவர். இவ்வளவுதான் யந்திரம். ஆனால் அதைச் சுற்றுவது வெறும் புஜபல வித்தையன்று. எதிரெதிர்ப் பெட்டிகளிற் பாரம் ஒத்திராவிடின் இராட்டினம் ஒருபுறம் இழுத்துத் தடுமாறுமாதலால், பருத்த உடம்பினர் ஒருவர் ஏறினால், எதிர்ப்பெட்டியிற் சிறுவர் இருவரையோ மூவரையோ அமர்த்தி நிறையைச் சரிசெய்த பிறகே இராட்டினக்காரர் அச்சுக்கு எண்ணெய் விட்டுக் கைவைப்பார். இறங்கிவரும் பெட்டியின் விளிம்பைப் பிடித்து, அதன் வேகம் குன்றுமுன் கீழ்நோக்கி ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, அடுத்த பெட்டி தலையில் மோதாதபடி அரையடி பின்வாங்கி நிற்பார். ஏறும்போது எவரும் கூவுவதில்லை. உச்சியைக் கடந்து பெட்டி சரியத் தொடங்கும் அந்தக் கணத்திலேதான் வயிறு ஒருமுறை வெறுமையாகி, குரல் தானாகவே வெளிப்படும்.

சித்திரைப் புத்தாண்டிலே சிங்களக் கிராமங்களில் நாட்டப்பெறும் கத்துரு ஒஞ்சில்லா என்னும் சுழல் ஊஞ்சலும் இதற்கு நெருங்கிய உறவினதே. மேலைநாட்டு யந்திர சாலைகள் தோன்றுமுன்னரே கீழைத்தேச விழாக்களில் இத்தகைய சக்கரங்கள் சுழன்றன என்பதற்கு உரோமாபுரி யாத்திரிகர் பியெத்ரோ தெல்லா வாலே சாட்சி. 1615ஆம் ஆண்டு கொன்ஸ்தாந்திநோப்பிளில், ரமழான் கால விழாவொன்றிலே அவர் அத்தகைய சக்கரமொன்றில் ஏறி ஆனந்தித்திருக்க, அருகில் இருந்த கிரேக்கர் ஒருவர் வேகந் தாங்காது, போதும் நிறுத்துங்கள் என்று அலறினாராம். ஒருவருக்குப் பேரின்பமும் மற்றவருக்குப் பெருந்துன்பமுமாக ஒரே சக்கரம் விளங்கிய அந்தக் காட்சியை முன்னேஸ்வரத்து மைதானத்தில் இன்றும் காணலாம்.

இரும்பின் காலம் வந்தபோது வேகமும் உயரமும் பெருகின. அமெரிக்காவின் கோனி தீவில் 1884இல் தாம்ஸன் என்பவர் ஐந்து சதக் கட்டணத்துக்கு மேடுபள்ளத் தண்டவாள வண்டியை ஓடவிட்டார். சிக்காகோ கண்காட்சியில் 1893இல் பெர்ரிஸ் நிறுவிய சக்கரம் 264 அடி உயர்ந்து நின்றது. அதன் 36 கூண்டுகளிலும் ஒரே வேளையில் 2,160 பேர் ஏறலாம். அதே கோனி தீவில் 1908இல், வளைந்து வளைந்து இறங்கும் பாதையிலே, வட்டத் தொட்டி போன்ற வண்டிகள் தம்மைத்தாமே சுற்றிக்கொண்டு ஓடும் 'வேர்ஜீனியா ரீல்' அறிமுகமாயிற்று. இன்று பூங்காதோறும் புதிதாய்த் திறக்கப்பெறும் சுழல் ரோலர் கோஸ்டர்களுக்கு மூதாதை அதுவே. முன்னால் வருவது மேடோ பள்ளமோ, அப்போது தாம் எத்திசை நோக்கி இருப்போமோ என்று ஏறியவர் அறியார். ஒரே வண்டியில் இருமுறை ஏறினும் இரண்டும் ஒன்றாயிரா. இறங்கியவர்கள் உடனே மீண்டும் வரிசைக்கு ஓடுவதன் காரணம் இதுவே.

சுழற்சி தரும் கிறக்கத்துக்கோ யந்திரமே வேண்டுவதில்லை. செவியின் உட்புறத்தே அரைவட்டக் குழாய்கள் மூன்றில் நிறைந்துள்ள திரவம், உடம்பு நின்ற பிறகும் சற்று நேரம் தன் ஓட்டத்தை விடாதிருத்தலால், நின்றவனுக்கு உலகம் சுற்றுகின்றது. தட்டாமாலை சுற்றி மணலில் விழுந்து சிரிக்கும் குழந்தை இந்த விநோதத்தை எவரும் கற்பியாமலே கண்டுகொள்கின்றது. ஆகவே, சுழற்சியின் இன்பம் எந்த யந்திரமும் நமக்குக் கொணர்ந்து கொடுத்ததன்று. யந்திரம் அதை உயர்த்திக் காட்டியது, அவ்வளவே.

இராட்டினத்தின் பாதி இன்பம் அதில் ஏறாதவர்களுடையது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கீழே நிற்கும் தாய், மேலே செல்லும் மகனின் பெயரைச் சொல்லி அழைக்கிறாள், நண்பர் கைகொட்டுகின்றனர், இறங்கியவன் கால் தள்ளாடியபடியே, தான் சிறிதும் அஞ்சவில்லை என்று சாதிக்கின்றான். அவனைச் சூழ்ந்து சிரிப்பவர்களிற் சிங்களவரும் தமிழரும் உண்டு. சைவரும் பௌத்தரும் உண்டு. சந்நிதியில் அவரவர் வழிபாடு அவரவர்க்கு. இராட்டினத்தடியில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே இடத்தில் மூச்சடக்கி, ஒரே இடத்திற் கூவுகின்றனர். இந்த மாவட்டத்தின் பெருமைகளில் இதை நான் கோட்டைக்கும் உப்பளத்துக்கும் தாழ்வாக மதிக்கமாட்டேன்.

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களைப் பற்றியும், 1859இல் தமிழ்ப் புலவர்களைப் பற்றியும் நூல் செய்து வைத்தமையால் அன்றோ, பல செய்திகள் நம்மை வந்தடைந்தன. அவர் பிறந்த மண்ணிலே திருவிழா மலர் வெளியிடுவோர், உபயகாரர் பட்டியலோடு, இராட்டினம் சுற்றியவர்களின் நினைவுகளுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குவார்களாக. வீட்டிலே முதியோர் இருக்கும் வாசகர்கள், அவர்கள் ஏறிய இராட்டினம் எத்தகையது, எவ்வளவு காசு கொடுத்தார்கள், யார் சுற்றினார் என்று இவ்வருஷமே கேட்டு எழுதி வைக்கவேண்டும்.