பூச்சியியலாரின் மனப்போராட்டம்

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1637-இல் மருந்து வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த யான் சுவாமர்தாம், மருத்துவம் கற்றும் பூச்சிகளை ஆராய்வதிலேயே தம் நாட்களைச் செலவிட்டார். பூச்சிகள் அழுகலினின்று தாமே தோன்றுகின்றன என்று அக்காலத்தார் பலர் கருதினர். அவை தம் இனத்தின் முட்டையினின்றே ஒழுங்காக வளர்கின்றன என 1669-இல் அவர் எழுதினார். சிருஷ்டியில் தற்செயலுக்கு இடமில்லை என்பதற்கு இதையே சான்றாகக் கண்டார்.

ஆயினும், தாம் தேடுவது தேவ மகிமையையோ, தம் புகழையோ என்னும் ஐயம் அவரை வாட்டியது. முதிர்ந்தபின் ஒரு நாளளவே வாழும் நீர்ப்பூச்சியைப்பற்றிய நூலைத் தியானங்களால் நிரப்பி 1675-இல் வெளியிட்டார். பின்னர் ஆராய்ச்சியைவிட்டு, அந்துவானெத் பூரிஞோன் அம்மையாரின் பக்திக் குழுவை நாடிச் சென்றார். ஓராண்டு நிறையுமுன்னே திரும்பிவந்து, மீண்டும் பூச்சிகளை ஆராய்ந்தார், 1680-இல் மரித்தார். அவருடைய கையெழுத்துப் படிகளைப் பேராசிரியர் போர்ஹாவே 1737-38-இல் 'இயற்கையின் வேதாகமம்' என்னும் பெயரில் அச்சேற்றினார்.

ஜெபத்தையும் ஆராய்ச்சியையும் பகையாக எண்ணும் மாணவர் இன்றும் நம்மிடையே உளர். சிருஷ்டியைக் கூர்ந்து நோக்குவதால் நாம் தேவனைவிட்டு விலகுவதில்லை. அந்நோக்கில் நம் பெயரை நாடும்போதே விலகுகிறோம். சுவாமர்தாமின் ஐயம் நமக்கும் வேண்டியதே. அவர் திரும்பிவந்ததும் நாம் மறக்கத்தக்கதன்று.