ஜனன மரணக் கணக்கும் ஜில்லா வித்தியாசமும்: செங்கற்பட்டுச் சீமையை முன்னிட்டு ஒரு விசாரணை

ஒரே மாநிலத்தில் ஒரு ஜில்லா பெருகுவதையும் மற்றொன்று தேய்வதையும் கண்டவுடன், முன்னதில் பிறப்பு மிகுதியென்றும் பின்னதில் குறைவென்றும் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால், ஜனத்தொகைப் பெருக்கம் வேறு, பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்து எஞ்சும் இயற்கை விருத்தி வேறு என்ற பேதத்தை மறந்தால், கணக்கு சரியாயிருந்தும் அதற்குக் கொள்ளும் பொருள் பிழையாகிவிடும்.

2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகுமுன் அதனைத் தன்னுள் கொண்டிருந்த காஞ்சிபுரம் ஜில்லாவில், 2001-ல் 28,77,468 பேரும் 2011-ல் 39,98,252 பேரும் இருந்தனர். பெருக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 39. தமிழ்நாடு முழுமைக்கும் அது 15.6 மட்டுமே, நீலகிரியிலோ 7,62,141 பேர் 7,35,394 ஆகக் குறைந்தனர். அப்பத்தாண்டில் மாநிலத்தின் இயற்கை விருத்தி, ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்குப் பத்தை ஒட்டியே இருந்தது. காஞ்சிபுரத்துக்கு அதனைப் பன்னிரண்டென்று தாராளமாகவே வைத்தாலும், அவ்வழியில் சேர்ந்தவர் நான்கு லட்சத்தைச் சுற்றியே இருப்பர். எஞ்சிய ஏழு லட்சம் பேர் தாம்பரம், பல்லாவரம், பழைய மாமல்லபுரம் சாலை முதலிய இடங்களை நாடிக் குடியேறியோரால் விளைந்த மிகுதி என்பதே நியாயமான அனுமானம்.

குடியேற்றம் தலைகளைக் கூட்டுவதோடு நில்லாமல், இயற்கை விருத்தியையும் உள்ளிருந்து மாற்றுகிறது. சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்துக்கும் பிழைப்புக்கு வருவோர் பெரும்பாலும் மணப்பருவத்தினர். ஆதலால், ஒவ்வொரு தாய்க்கும் பிறக்கும் மகவு எங்கும் சமமாகவே இருப்பினும், அங்கே ஆயிரத்துக்குப் பிறப்பு உயர்ந்தும் இறப்பு தாழ்ந்தும் தோன்றும். வாலிபர் வெளியேறி முதியோர் எஞ்சிய கிராமத்தில் இதுவே தலைகீழாகும். எனவே வயதுப் பகுப்பைச் சமப்படுத்தாமல் இரண்டு ஜில்லாக்களின் விகிதங்களை ஒப்பிடுவது, இளமையையும் முதுமையையும் ஒப்பிட்டுவிட்டுக் கருவளத்தை ஒப்பிட்டதாகக் கருதுவதேயாகும்.

மூன்றாவது இடர் நம் குடும்ப வழக்கிலேயே இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்திலேயே பதிவாகின்றன. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச்செல்வதோ தமிழர் வழக்கம். கோவளத்தில் வாழ்பவள் விழுப்புரத்தில் பெற்ற குழந்தை விழுப்புரத்தின் கணக்கிலும், விழுப்புரத்திலிருந்து செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு உயிர்நீத்தவரின் மரணம் செங்கற்பட்டின் கணக்கிலும் ஏறுகின்றன. பரிகாரம் பதிவுப் படிவத்திலேயே உண்டு: தாயின் வசிப்பிடமும் அதில் கேட்கப்படுகிறது, அதனைக்கொண்டு பிறப்புகளை அவரவர் ஊருக்கே திருப்பிச் சேர்த்தல் வேண்டும்.

இத்திருத்தங்கள் ஜில்லா அளவோடு நின்றால் போதா. மாமல்லபுரக் கடலோரத்து மீனவக் குப்பமும் அதனையடுத்து எழும் அடுக்குமாடியும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிட்டால், எங்கே பிரசவ விடுதி வேண்டும், எங்கே முதியோர் சிகிச்சை வேண்டும் என்பதை அச்சராசரி ஒருபோதும் சொல்லாது. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் பார்னார்டு இதே செங்கற்பட்டுச் சீமையைக் கிராமம் கிராமமாக அளந்து, குடிகளையும் குறித்துவைத்தார். வரிக்காக அன்று கைகூடிய அந்நுணுக்கம், மக்களின் நலத்துக்காக இன்று கைகூடாதென்பதற்கு நியாயமில்லை.